கிணறு யாருடையது?
கானா நாட்டுக் கிராமங்களும் திருச்சபைகளும் தரும் பாடம்

மேற்கு ஆப்பிரிக்காவில் கானா என்றொரு நாடு இருக்கிறது. நமக்குத் தேயிலை எப்படியோ, அந்த நாட்டுக்குக் கொக்கோ அப்படி. ஆனால் கொக்கோ விளைவது நல்ல மழை உள்ள தென்பகுதியில்தான். வடபகுதியில் வருஷத்துக்கு ஒரே ஒரு மழைக்காலம். கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரைக்கும் பெரும்பாலும் மழை கிடையாது. அந்த மாதங்களில் பெண்களும் பிள்ளைகளும் குடத்தோடு வெகுதூரம் நடந்து, குட்டைத் தண்ணீரை அள்ளிக்கொண்டு வருவார்கள்.

அந்தக் குட்டைத் தண்ணீரில் ஒரு கொடிய நோய் இருந்தது. கினிப் புழு என்பார்கள். தமிழில் நரம்புச் சிலந்தி என்று பேர். தண்ணீரில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியோடு இதன் குஞ்சு வயிற்றுக்குள் போய்விடும். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, 1 மீற்றர் வரை நீளமுள்ள புழு காலில் கொப்புளம் போட்டு வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் நோயாளி காலைக் குட்டையில் வைத்தால், புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை அந்தத் தண்ணீரிலேயே விடும். அதை அடுத்தவர் குடிப்பார். இதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. 1989இல் கானாவில் மட்டும் ஏறக்குறைய 1,80,000 பேருக்கு இந்த நோய் இருந்தது.

இப்படிப்பட்ட கிராமங்களுக்குக் கைகொடுக்க ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பல திருச்சபைகள் முன்வந்தன. சபை என்றால் கோயில் கட்டடம் அல்ல, அங்கே கூடுகிற சாதாரண மக்கள். அவர்கள் சேர்த்த காசில் குழாய்க் கிணறு தோண்டிக் கைப்பம்பு பூட்டினார்கள். திறப்பு விழா நடக்கும், படம் பிடிப்பார்கள், போய்விடுவார்கள். ஒன்றிரண்டு வருஷத்தில் வாஷர் தேயும், கம்பி அறும். திருத்தத் தெரிந்தவர் ஊரில் இல்லை, சாமான் வாங்கப் பணமும் இல்லை. மறுபடியும் குட்டைதான் கதி. 2009இல் வெளியான ஒரு கணக்கின்படி, சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் கைப்பம்புகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று வேலை செய்யவில்லை. கொடுத்தவர்கள் மனசில் குறை இல்லை, கொடுத்த முறையில்தான் குறை.

இந்தப் பம்பின் கதையில் நம் தமிழ் மண்ணுக்கும் பங்கு உண்டு. இந்தியாவிலும் ஒரு காலத்தில் கிராமத்துப் பம்புகள் பெரும்பாலும் பழுதாகித்தான் கிடந்தன. மகாராஷ்டிராவில் ஜால்னா, சோலாப்பூர் ஆகிய இடங்களில் கிறிஸ்தவ மிஷன்களைச் சேர்ந்தவர்கள் உறுதியான பம்புகளைச் செய்து பார்த்தார்கள். அதை அடிப்படையாக வைத்து, 1970களில் யுனிசெப் உதவியோடு 'இந்தியா மார்க் 2' பம்பு உருவானது. கோயம்புத்தூர்ப் பகுதியில் சோதித்துப் பார்த்து, சென்னையில் செய்தார்கள். பிறகு அது ஆப்பிரிக்காவுக்கும் போனது. கானாவில் தங்களுக்கு ஏற்றபடி மாற்றி அமைத்துக்கொண்டார்கள்.

ஆனால் எவ்வளவு நல்ல பம்பும் ஒருநாள் பழுதாகத்தான் செய்யும். அதனால் முறையையே மாற்றினார்கள். 1994இல் கானா அரசு கிராமத் தண்ணீர்த் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன்படி, மொத்தச் செலவில் நூற்றுக்கு 5 பங்கை ஊர் மக்களே போட வேண்டும். பெண்களும் சேர்ந்த தண்ணீர்க் கமிட்டி ஒன்று வேண்டும். பம்பைப் பார்த்துக்கொள்ள ஊர்க்காரர் ஒருவருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். திருத்த வேலைக்கென்று காசு சேர்க்க வேண்டும். பலன் கண்ட சபைகளும் இந்த வழியில்தான் நடந்தன. கானாவில் உள்ள சபை வழியாக வந்து, முதலில் ஊர்ப் பெரியவர்களோடும் பெண்களோடும் உட்கார்ந்து பேசினார்கள். "உங்களுக்கு எது வேணும்? நீங்க எதைச் செய்வீங்க?" என்று கேட்ட பிறகே வேலையைத் தொடங்கினார்கள்.

கினிப் புழுவும் இப்படித்தான் ஒழிந்தது. நல்ல கிணறுகள் வந்தன. ஊர்த் தொண்டர்கள் வீடு வீடாகப் போய்த் தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். புழு உள்ளவர்களைத் தண்ணீரில் இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். இடையில் சவெலுகு என்ற ஊரில் குழாய்த் தண்ணீர் நின்றுபோக, 2007இல் நோய் திரும்பவும் பரவியது. பராமரிப்பு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி. ஆனாலும் மக்கள் விடவில்லை. 2010 மே மாதத்தோடு நோய் நின்றது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் கானாவை இந்த நோய் இல்லாத நாடு என்று அறிவித்தது.

கொடுப்பவர்களுக்கு இதில் ஒரு பாடம்: கேட்காமல் கொடுக்காதீர்கள். எங்களைப் போன்ற நலன்புரி உத்தியோகத்தர்களுக்கும் இது பொருந்தும். வாங்குபவர்களுக்கும் ஒரு பாடம்: நம் கையும் காசும் பட்ட பொருளைத்தான் நாம் காப்பாற்றுவோம். "யாரோ போட்டது, யாரோ பார்ப்பாங்க" என்று விட்டால் கடைசியில் குடம் தூக்குவது நம்ம வீட்டுப் பெண்கள்தான்.

மாதர் சங்கத்திலும் வாலிபர் சங்கத்திலும் கலந்து பேச:
1. நம் லயத்துக்குத் தண்ணீர் வரும் குழாயும் டாங்கியும் யார் பொறுப்பில் இருக்கின்றன?
2. ஒரு குழாய் உடைந்தால் திருத்தத் தெரிந்தவர் நம்மில் யார்? தெரியாவிட்டால் யாரைப் பழக்கலாம்?
3. தண்ணீர்க் கமிட்டி அமைத்தால் பெண்கள் எத்தனை பேர் இருக்க வேண்டும்? ஏன்?
4. வீட்டுக்கு மாதம் எவ்வளவு போட்டால் திருத்த வேலைக்குப் போதும்? கணக்கை யார் எழுதுவது? எல்லாரும் பார்க்கும்படி எங்கே ஒட்டுவது?