முகூர்த்தத்துக்கு முன் உட்கார்ந்து பேசு

அன்புத் தம்பிக்கு,

வைகாசியில் தனியாக ஒரு கல்யாண ஆர்டர் பிடித்திருப்பதாக எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். எந்த லென்ஸை வாடகைக்கு எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். அதைப் பிறகு பார்ப்போம். முதலில் இரண்டு வீட்டாரோடும் உட்கார்ந்து பேசிவிட்டாயா? மாப்பிள்ளையும் பெண்ணும் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரீல்ஸை மட்டும் நம்பிப் போகாதே. அதில் இருப்பது அவர்கள் ஆசை. அந்த வீட்டு முறை என்ன என்பது அம்மாக்களுக்கும் அத்தைகளுக்கும்தான் தெரியும்.

பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு கேள். மாப்பிள்ளை அழைப்பு எந்தக் கோயிலிலிருந்து? ரிசப்ஷன் முதல் நாள் சாயங்காலமா? முகூர்த்தம் காலை 4.30 – 6 என்று போட்டிருந்தால் மேக்கப் நள்ளிரவு தாண்டியதுமே தொடங்கிவிடும்; உன் ஆள் ஒருவர் அப்போதே மண்டபத்தில் இருக்க வேண்டும். சுயமரியாதைத் திருமணம் என்றால் கணக்கே வேறு. 1967-இல் அண்ணா ஆட்சியில் வந்த சட்டத் திருத்தத்தின்படி, உற்றார் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலே அந்தத் திருமணம் செல்லும். அங்கே கெட்டிமேளம் கொட்டி உன்னை உஷார்ப்படுத்த மாட்டார்கள். தலைமை தாங்குபவர் பேசி முடித்த கையோடு மாலையை எடுத்துக் கொடுத்துவிடுவார். நிக்காஹ் என்றால் பல ஊர்களில் பெண் தனி அறையில் இருப்பார். அங்கே எடுக்கப் பெண் போட்டோகிராபர் வேண்டுமா என்று அட்வான்ஸ் வாங்கும் முன்பே கேட்டுவிடு.

தாலி கட்டும் அந்தச் சில நொடிகளுக்குத்தான் நீ அதிகம் திட்டமிட வேண்டும். ஐயர் ‘கெட்டிமேளம்’ என்று கையைத் தூக்கியதும் மண்டபமே எழுந்து நிற்கும். முன்வரிசையில் நூறு செல்போன் உயரும், அட்சதை பறக்கும். மாப்பிள்ளை குனியும்போது அவர் கழுத்து மாலை முன்னால் சரிந்து பெண்ணின் முகத்தை மறைத்துவிடும். முடிச்சு போடும் இடமோ பின்கழுத்தில், பூ வைத்த சடைக்கு அடியில். இதற்கெல்லாம் வழி நாத்தனாரிடம் இருக்கிறது. விளக்கோடு பின்னால் நிற்பதும் முடிச்சுக்குக் கை கொடுப்பதும் அவர்தான். முதல் நாள் இரவே அவரைப் பார்த்து, “அக்கா, அந்த நேரத்துல மாலையைக் கொஞ்சம் ஒதுக்கிப் பிடிச்சுக்குங்க, சடையை ஒரு பக்கமா எடுத்து விட்டுடுங்க” என்று சொல்லிவை. வீடியோக்காரர் எந்தப் பக்கம், நீ எந்தப் பக்கம் என்பதையும் அன்றைக்கே முடிவு செய்.

மண்டபத்து விளக்குகளை இரவிலேயே போடச் சொல்லிப் பார். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மட்டமான எல்.இ.டி. விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும், கண்ணுக்குத் தெரியாது. வீடியோவை 25 ஃபிரேமில் எடுத்து, ஷட்டரை 1/50-இல் வைத்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடாது.

அடுத்து, யார் யார் முகம் கட்டாயம் வேண்டும் என்று கேள். இரண்டு வீட்டிலும் தனித்தனியாகக் கேள். மேடை ஏற முடியாத பாட்டி, மொய் எழுதும் மேசையை விட்டு நகராத சித்தப்பா, பந்தி மேற்பார்வையிலேயே நிற்கும் மாமா ஆகியோர் குரூப் போட்டோவில் வரமாட்டார்கள். கணவரை இழந்த அம்மா பல வீடுகளில் இன்றும் மேடைப் பக்கம் வராமல் தூணோரமாக நின்றுவிடுகிறார். பெற்ற பிள்ளையின் கல்யாணத்தில்! இதை நினைத்தாலே எனக்கு ஆற்றாமையாக இருக்கும். அந்த வழக்கத்தை நீ ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால், “தாலி ஏறினதும் அம்மாகிட்ட போய் நில்லுங்க, நான் அங்க இருப்பேன்” என்று பெண்ணிடமோ மாப்பிள்ளையிடமோ முன்கூட்டியே சொல்லலாம். யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

பணப் பேச்சைச் சுருக்கமாக எழுத்தில் வைத்துக்கொள்: எந்தெந்த நிகழ்ச்சி, எத்தனை ஆள், ஆல்பத்தில் எத்தனை ஷீட், பேலன்ஸ் எப்போது. படம் தேர்ந்தெடுக்கும் வேலையை மணமக்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே போவார்கள். அதற்கும் ஒரு தேதி போடு. ஆல்பம் அவர்கள் கைக்குப் போய்ச் சேரும்வரை எல்லாப் படங்களும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும், ஒன்று உன் வீட்டில், இன்னொன்று ஸ்டுடியோவில்.

லென்ஸ் பற்றி, மண்டபத்தைப் பார்த்துவிட்டு எழுது. மேடைக்கும் முதல் வரிசைக்கும் எத்தனை அடி என்று அளந்து சொன்னால் நான் பதில் சொல்வேன்.

அன்புடன்,
அண்ணன்