முற்றத்து விரிசல் என்ன சொல்கிறது?

மேட்டுப்பாளையம் என்றதும் உங்களில் பலருக்கு நீலகிரி மலை ரயில் நினைவுக்கு வரும். நாம் இப்போது போகப்போவது அந்த ஊருக்கு அல்ல. புதுச்சேரி நகரில், தொழிற்பேட்டை இருக்கும் மேட்டுப்பாளையத்துக்கு. அங்கே ஒரு வீட்டு முற்றத்தைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், கான்கிரீட் தளம்.

அந்தத் தளத்தில் மூன்று வகை விரிசல்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் சிலந்தி வலைபோல மெல்லிய கோடுகள். நடுவே குறுக்காக ஒரு நேர் விரிசல். மூன்றாவது, கூரைத் தண்ணீர் விழும் மூலையில். அந்த மூலை இரண்டு விரற்கடை கீழே இறங்கிவிட்டது. விடியுமுன் கோலம் போட வரும் பாட்டியின் கால் அந்த விளிம்பில் தட்டுகிறது.

அப்பா ஒவ்வோர் ஆண்டும் சிமெண்டுப் பால் கரைத்து மூன்றிலும் ஊற்றுகிறார். சில வாரங்களில் நடு விரிசலும் மூலை விரிசலும் மறுபடி வாய் திறக்கின்றன. சிமெண்டு மட்டமா? இல்லை. மூன்று நோய்களுக்கு ஒரே மருந்தைக் கொடுத்ததுதான் தவறு. நோயை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போமா?

கான்கிரீட் காய்வதில்லை!

"கான்கிரீட் காய்ந்து இறுகுகிறது" என்று சொல்கிறோம். உண்மையில் அது காய்வதால் இறுகுவதில்லை. சிமெண்டு தண்ணீருடன் வேதிவினை புரிந்து புதிய பொருள்களை உண்டாக்குகிறது. அவை மணலையும் ஜல்லியையும் இறுகப் பிணைக்கின்றன. தண்ணீர் இல்லாவிட்டால் இந்த வினை பாதியில் நின்றுவிடும்.

அப்படியானால் தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாமா? அதுவும் கூடாது. 50 கிலோ சிமெண்டு மூட்டை ஒன்றுக்கு வேதிவினையில் சேருவது சுமார் 12 லிட்டர்தான். கலவையைப் புரட்டிப் பரப்ப வசதியாக மொத்தம் 22 முதல் 25 லிட்டர் வரை விடலாம். வேலை சுலபமாகட்டும் என்று 40 லிட்டர் ஊற்றினால், மிச்சத் தண்ணீர் பின்னர் ஆவியாகிப் போகும். அது இருந்த இடமெல்லாம் நுண்துளைகள் ஆகும். தளம் சுருங்கும், வலுவும் குறையும். தண்ணீர் கூடக்கூட வலு குறையும் என்பதை அமெரிக்கப் பொறியாளர் டஃப் ஏப்ரம்ஸ் 1918இல் சோதனைகள் மூலம் காட்டினார்.

முதல் நோய்க்குக் காரணம் இதுதான். மேற்பரப்பு மட்டும் வெயிலிலும் காற்றிலும் விரைவாக உலர்ந்து சுருங்கியது. அடிப்பகுதி சுருங்கவில்லை. அதனால் வந்தவை அந்தச் சிலந்தி வலைக் கோடுகள். இவை பெரும்பாலும் ஆழமற்றவை.

வெயிலில் நீளும் தளம்

நடு விரிசலுக்குக் காரணம் வேறு. ஒரு கணக்குப் போடுங்கள். வெப்பம் 1 பாகை செல்சியஸ் கூடினால் கான்கிரீட் தன் நீளத்தில் ஏறத்தாழ ஒரு லட்சத்தில் ஒரு பங்கு நீளும். விடியற்காலைக்கும் கோடை நண்பகலுக்கும் இடையே தளத்தின் வெப்பம் 30 பாகை மாறுவதாகக் கொள்வோம்.

6000 மி.மீ. × 30 ÷ 1,00,000 = 1.8 மி.மீ.

தரையின் உராய்வு இதைச் சற்றுக் குறைக்கும். ஆனாலும் தளம் அசைகிறது என்பது உறுதி. அசைய இடம் விட்டிருக்க வேண்டும். 10 செ.மீ. கனமுள்ள தளத்தில் 2.5 முதல் 3 மீட்டருக்கு ஒரு வெட்டுக்கோடு தேவை. அதன் ஆழம் தளத்தின் கனத்தில் கால்பங்கு இருக்கலாம். கொத்தனார் அந்தக் கோட்டைப் போடாததால் தளம் தானே ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டது!

இந்த விரிசல் நண்பகலில் குறுகும், விடியற்காலையில் அகலும். கெட்டியான சிமெண்டை அதில் அடைத்தால், அது பகலில் நசுங்கும் அல்லது இரவில் பிய்ந்துகொள்ளும்.

அடியில் மண் இல்லை

மூன்றாவது நோய் தளத்தில் இல்லை. அதன் அடியில் இருக்கிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, அந்நகரில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. நம் முற்றத்தின் பரப்பு 18 சதுர மீட்டர். அதில் மட்டும் விழுந்த நீர் 8,100 லிட்டருக்குக் குறையாது. கூரைத் தண்ணீரும் அந்த மூலையில்தான் விழுகிறது. விரிசல் வழியே இறங்கிய நீர் அடிமண்ணை அரித்துச் சென்றுவிட்டது. தாங்க ஆள் இல்லாத தளம் ஒடிந்து இறங்கியது.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டு விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் ஒவ்வொரு புள்ளி வையுங்கள். விடியற்காலையிலும் பிற்பகல் 2 மணிக்கும் இடைவெளியை அளந்து, தேதியுடன் குறித்து வாருங்கள். விரிசலுக்குக் குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் குழைத்து ஒரு பட்டையும் போடலாம். இரண்டு வாரத்தில் பட்டை உடைந்தால் விரிசல் உயிருடன் இருக்கிறது, அசைகிறது என்று பொருள். உடையாவிட்டால் அசைவு நின்றிருக்கலாம்.

பிறகு சிறு சுத்தியலால் தளத்தை அங்கங்கே தட்டுங்கள். கணீரென்ற ஒலி வந்தால் நல்லது. பொள்ளென்று கேட்டால் அடியில் வெற்றிடம் இருக்கலாம்.

நோய்க்கு ஏற்ற மருந்து

சிலந்தி வலைக் கோடுகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவி, நனைத்து, சிமெண்டுப் பால் பூசினால் போதும். இங்கே அப்பா செய்தது சரிதான்! மயிரிழைபோன்ற விரிசல் ஈரம் பட்டுத் தானே ஓரளவு மூடிக்கொள்வதும் உண்டு. சுண்ணாம்பு நீரில் ஊதினால் பால்போல் வெளுக்கும் அல்லவா? அதே வினைதான் இது. கான்கிரீட்டில் உள்ள சுண்ணாம்பு, கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகி இடுக்கை அடைக்கிறது.

அசைவு நின்ற அகல விரிசலை உளியால் 2 செ.மீ. ஆழம் வெட்டி, அடிப்புறம் மேற்புறத்தைவிடச் சற்று அகலமாக்க வேண்டும். அப்போதுதான் கலவை பெயர்ந்து வராது. தூசி நீக்கி நனைத்து, தேங்கிய நீரைத் துடைத்துவிட்டு, சிமெண்டுப் பால் தடவி, ஒரு பங்கு சிமெண்டும் மூன்று பங்கு மணலும் சேர்ந்த கெட்டிக் கலவையை அழுத்தி அடைக்கவேண்டும்.

அசையும் விரிசலுக்குக் கெட்டிப் பொருள் கூடாது. அதை நேராக 1 செ.மீ. அகலத்துக்கு வெட்டி, நன்றாக உலரவிட்டு, தார்க் கலவை போன்ற நெகிழும் பொருளால் அடைக்கவேண்டும். சிமெண்டுக்கு ஈரமான விரிசல் வேண்டும். தாருக்கு உலர்ந்த விரிசல் வேண்டும். இந்த வேறுபாட்டை மறவாதீர்கள்.

இறங்கிய மூலையை உடைத்தே எடுக்கவேண்டும். 15 செ.மீ.க்கு ஓர் அடுக்காகக் கிராவல் மண் போட்டு, நனைத்து, திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தி, பிறகு புதுத் தளம் போடலாம். அதற்கு முன் கூரைக் குழாயை வடிகால்வரை நீட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஐப்பசியில் அதே கதைதான்.

மேலே புதுத் தளம் போடுவதானால்

மேடுபள்ளமான முற்றத்தின்மேல் புதிய அடுக்குப் போடுவதும் உண்டு. அதற்கு முன் நிலைவாசலின் உயரத்தை அளந்து பாருங்கள். குறைந்தது 4 செ.மீ. அடுக்கு ஏறும், மழைநீர் வீட்டுக்குள் வந்துவிடக் கூடாதே! பழைய தளத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கிக் கழுவவேண்டும். வடிகால் பக்கமாக மீட்டருக்கு 1 செ.மீ. வாட்டம் வேண்டும். பழைய தளத்தில் வெட்டுக்கோடு எங்கிருக்கிறதோ, புதிய அடுக்கிலும் அதற்கு நேராகவே கோடு வரவேண்டும்.

வேலை முடிந்த பின் குறைந்தது 7 நாட்கள், கோடையானால் 10 நாட்கள், ஈரச் சாக்கு போர்த்தித் தண்ணீர் தெளித்து வரவேண்டும். இந்த வேலையை வீட்டில் நீங்களே ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் ஈரச் சிமெண்டை வெறுங்கையால் தொடாதீர்கள். அதன் காரம் தோலைப் புண்ணாக்கும். கொத்தும்போது எழும் தூசி நுரையீரலுக்குத் தீங்கு. மூக்கையும் கண்ணையும் காத்துக்கொள்ளுங்கள்.

கான்கிரீட் என்றாலே சில ஆண்டுகளில் பாழாகும் என்று எண்ண வேண்டாம். புதுச்சேரியிலேயே 'கோல்கொண்டே' என்ற கட்டிடம் இருக்கிறது. அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டிடக் கலைஞர் அரவிந்தர் ஆசிரமத்துக்காக வடிவமைத்தது. 1937இல் வேலை தொடங்கிய அந்தக் கான்கிரீட் கட்டிடத்தில் இன்றும் மக்கள் தங்குகிறார்கள்.

இனி உங்கள் வீட்டு முற்றத்துக்குப் போங்கள். விரிசல்களை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் காரணத்தை நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை சிமெண்டுப் பால் கரைக்கும் முன் அந்த நோட்டைப் பெரியவர்களிடம் காட்டுங்கள். பாட்டி கால் தடுக்காமல் கோலம் போடட்டும்!