சங்கத்து எண்ணெய் எஞ்சினைச் சொற்பச் செலவில் காக்கும் முறை

கிணற்று இறைவையில் கமலையின் இடத்தை எண்ணெய் எஞ்சின் பிடித்துக்கொண்டு வெகு காலமாயிற்று. சென்னை ராஜதானியில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்பவர் எஞ்சினால் நீர் இறைக்கும் முறையைக் குடியானவர்களிடையே பரப்ப முயன்றார். அன்று முதல் எஞ்சினைப் பற்றிச் சொல்லப்படும் குறை ஒன்றே: கடலைக்குக் கடைசித் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய வாரத்தில்தான் அது நின்றுவிடுகிறது. இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பல மாதத்து அசிரத்தை, ஓய்வின்றி ஓடும் அந்த வாரத்தில் ஒருங்கே வெளிப்படுகிறது. டவுனிலிருந்து மெக்கானிக் வந்து சேருமுன் பயிர் வாடிவிடும்; அவருக்குக் கொடுக்கும் கூலியோ சங்கத்தின் பொதுப் பணம். ஐந்து குதிரைச் சக்தியுள்ள சிறு டீசல் எஞ்சினுக்கு அங்கத்தினர்கள் தாமே செய்யத்தக்க காரியங்கள் சில இங்கே கூறப்படுகின்றன.

முதலாவது காற்று. ஒரு லிட்டர் டீசல் எரிவதற்குச் சுமார் 10,000 லிட்டர் காற்று வேண்டும். அக்காற்றோடு புகும் புழுதி, உள்ளிருக்கும் எண்ணெயுடன் கலந்து, சாணைக்கல்லைப் போல் சிலிண்டரையும் பிஸ்டன் வளையங்களையும் தேய்த்துவிடும். காற்று வடிகட்டியின் அடியில் எண்ணெய்க் கிண்ணம் உள்ள எஞ்சினானால், அதைக் கழற்றி, வண்டலைக் கொட்டி, மண்ணெண்ணெயால் அலம்பித் துடைத்து, குறித்த கோடு வரையில் புதிய எண்ணெய் ஊற்ற வேண்டும். கோட்டுக்கு மேல் ஊற்றலாகாது. எஞ்சின் அந்த எண்ணெயையே உறிஞ்சிக் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கக் கூடும். களத்தருகே புழுதி பறக்கும் நாட்களில் கிண்ணத்தைத் தினமும் பார்ப்பது நலம்.

அடுத்தது டீசல். எஞ்சின் நின்றுபோவதற்கு இதில் கலந்த நீரும் தூசியும் பெரிதும் காரணமாகும். டீசலைச் செலுத்தும் பம்பின் உள் உறுப்புகளுக்கு இடையேயுள்ள இடைவெளி தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானது. அவ்விடத்தில் ஒரு மணல் துகள் செய்யும் சேதத்திற்குச் சங்கம் புதுப் பம்பே வாங்க நேரிடும். ஆகையால் டீசல் பீப்பாயை உருட்டி வந்த உடனே அதிலிருந்து எடுக்காமல், ஒரு நாளாவது அசையாது வைத்து, அடி வண்டலைக் கலக்காமல் மேலாக எடுத்து, நூல் பிரியாத சுத்தமான துணியில் வடிகட்டி ஊற்ற வேண்டும். மாலையில் வேலை முடிந்ததும் டாங்கியை நிரப்பி வைத்தால், இரவுக் குளிரில் அதனுள் ஈரம் படிவதற்கு இடமிராது.

டாங்கி வற்றி எஞ்சின் நின்றுவிட்டால், டீசலை நிரப்புவதால் மட்டும் அது ஓடாது. குழாயில் காற்று புகுந்திருக்கும். வடிகட்டியின் மேலுள்ள திருகைச் சிறிது தளர்த்தி, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை விட்டு முடுக்க வேண்டும். பிறகு பம்பின் திருகிலும் அவ்வாறே செய்ய வேண்டும். டீசலைப் பீச்சும் நாசிலின் எதிரே கையை நீட்டுவது பேராபத்து. அந்தப் பீச்சு தோலைத் துளைத்து உட்புகும்; காயம் ஊசி குத்தியதுபோல் அற்பமாகத் தோன்றினாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

மசகெண்ணெயை எஞ்சின் நின்று சற்று நேரம் கழித்து அளவுக்கோலால் பார்க்க வேண்டும். அது கறுத்திருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. டீசல் எஞ்சினில் அது இயல்பே. பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறதென்று அறிந்து, உடனே நிறுத்த வேண்டும். எண்ணெயை மாற்றும்போது எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கையில் வடித்தால் அழுக்கும் சேர்ந்து இறங்கும். இனி, சூடேறிய எஞ்சினில் குளிர்ந்த ஜலத்தை ஊற்றுவோர் ஊருக்கு ஒருவராவது இருக்கின்றனர். சிலிண்டரின் தலைப்பகுதி வெடிப்பதற்கு அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

ஆழ்கிணறுகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. பம்பு நீரை உறிஞ்சும் உயரம் நடைமுறையில் சுமார் 20 முதல் 25 அடி வரைதான். நீர்மட்டம் இறங்க இறங்க, எஞ்சினையும் கிணற்றுக்குள் மேடை கட்டி இறக்குவது வழக்கமாயிற்று. அங்கே வெளிப்படும் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயு உண்டு. அதற்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. விளக்கை இறக்கிப் பார்த்து, அது அணையாவிட்டால் அபாயமில்லையென்று பலர் நம்புகின்றனர். இது தவறு. பிராணவாயு குறைந்திருந்தால் விளக்கு அணையும். நச்சு வாயு இருந்தாலோ விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், மனிதன் விழுந்துவிடுவான். புகைக்குழாயைக் கிணற்று வாய்க்கு மேலே கொண்டுவந்து விடுவதும், அதன் இணைப்புகளில் கசிவில்லாமல் பார்ப்பதும், எஞ்சின் ஓடும்போது ஒருவரும் கிணற்றில் இறங்காதிருப்பதும் அத்தியாவசியம். நிறுத்திய பின்னும் கிணற்றில் நல்ல காற்று பரவும்வரை காத்திருக்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், பதறி அவர் பின்னே இறங்குபவரும் அங்கேயே விழுவார். தீயணைப்புப் படையை அழைத்து, மேலிருந்தபடியே கிணற்றுக்குள் காற்றை விசிறிக்கொண்டிருப்பதே செய்யத்தக்கது.

எஞ்சின் கொட்டகையில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கட்டும். ஓட்டுகிறவர் ஓடிய மணியையும், ஊற்றிய டீசலையும், புகையின் நிறத்தையும் அதில் எழுதி வருவாராக. கரும்புகை கண்டால் காற்று வடிகட்டியை அல்லது அதிகப் பளுவைச் சந்தேகிக்க வேண்டும். நீலப்புகை மசகெண்ணெய் எரிவதைக் காட்டும். ஐந்து குதிரைச் சக்தி எஞ்சின் முழுப் பளுவில் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேற்பட்ட டீசலைக் குடிக்கும். புத்தகத்தின் கணக்கில் அது வாரத்துக்கு வாரம் ஏறிவந்தால், எஞ்சின் நிற்பதற்கு முன்பாகவே மெக்கானிக்கை வரவழைத்து, அப்புத்தகத்தை அவர் கையில் கொடுக்கலாம்.