உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கும் முன்

காரைக்குடிக்கு அண்மையிலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் ஒரு நாள் நகைக்கடன் பேரேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அங்கத்தினர் ஒருவர் சிறு துணிமுடிப்புடன் வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், நெசவாளர். மனைவியின் சங்கிலியை ஈடு வைக்க வந்திருந்தார். என்ன செலவு என்று செயலாளர் வினவியதற்கு, மகளுக்கு உத்தியோகம் ஆகப்போகிறது என்றார். உத்தியோகம் ஆவதற்கு நகையை ஏன் வைக்க வேண்டும் என்று நான் கேட்டேன். அவர் சற்றுத் தயங்கினார்.

“ஐயா, தாங்கள் அறியாததா? சங்கத்தில் வேலை வாங்கித் தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். முன்பணம் கேட்கிறார். தாங்களே மேலிடத்தில் ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பணம் எனக்கு மிச்சமாகும்.”

என் வார்த்தைக்கு அங்கே விலை இல்லை என்பதையும், அந்த மனிதர் வாங்கும் பணத்துக்கு ரசீது இல்லை என்பதையும் எடுத்துச் சொன்னேன். அவர் சங்கிலியைத் திரும்ப முடிந்துகொண்டார். ஆயினும் என்மேல் மனத்தாங்கலோடுதான் போனார். அதில் நியாயம் இருந்தது. செய்யத் தகாததைச் சொன்னேனே தவிர, செய்ய வேண்டியது இன்னதென்று அவருக்கு நான் சொல்லவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அவரைப் போன்ற தந்தையர் நம் சங்கங்களில் பலர் இருக்கின்றனர்.

வேலைக்கு ஆள் எடுக்கும் கலையை நம் செட்டிநாடு வெளியூராரிடம் கற்க வேண்டியதில்லை. பர்மா, மலேயா, இலங்கை, சிங்கப்பூர் முதலிய இடங்களில் நகரத்தார் லேவாதேவிக் கடைகள் ஓங்கியிருந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். 1930ஆம் ஆண்டளவில் பர்மாவில் மட்டும் சுமார் 1,650 கடைகள் இருந்தன. இரங்கூன் மொகல் தெருவிலும், சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளிலும் நடந்த வரவு செலவுக்கு, கடல் கடந்து இங்கே வீட்டிலிருந்த முதலாளி பொறுப்பாளி. தம் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் தம் பணத்தைப் பிறர் கையில் விட்டுவைக்கும் ஒருவர், ஆளை எப்படித் தெரிந்தெடுத்திருப்பார்?

முதலில் பையன் பெட்டியடிக்குப் போவான். கணக்குப் பெட்டியின் அருகில் உட்கார்ந்து ஏவிய வேலையைச் செய்பவனாதலால் அவனுக்குப் பெட்டியடிப் பையன் என்று பெயர். சம்பளம் சொற்பம். கடிதம் எடுத்துச் செல்வது, வசூலுக்கு உடன் போவது, பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதுவது ஆகியவை அவன் வேலை. தேறினால் அடுத்தாள் ஆவான். அதன் பிறகே மேலாள் என்னும் ஏஜெண்டுப் பதவி. சம்பளம் பெரும்பாலும் மூன்று ஆண்டுத் தவணைக்குப் பேசப்படும். தவணை முடிந்ததும் கணக்கை ஒப்புவித்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். ஒப்புவித்த கணக்கின் செம்மையே அடுத்த தவணைக்கு அவனுடைய நற்சாட்சிப் பத்திரம்.

அந்தப் பையன் கப்பலேறு முன்பே முந்திரி, காணி, மா, வீசம் என்னும் பின்ன வாய்பாடுகள் அவன் நாவில் இருந்தன. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு என்று இக்காலத்துப் பட்டதாரிகளில் எத்தனை பேர் சொல்வர்? (நானும் கல்லூரியை விட்டு வந்த பிறகே அறிந்தேன்.) நாள்வழிக் குறிப்பிலிருந்து பேரேடு, பேரேட்டிலிருந்து ஐந்தொகை என்று கணக்கு நடக்கும் வழியை அவன் ஏட்டோடு ஏடாக இருந்து கற்றான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டியடியில் உட்கார உறவு வேண்டியிருந்தது. நெசவாளர் மகனுக்கும் உழவர் மகனுக்கும் அங்கே இடம் அரிது. பெண்களுக்கு இடமே இல்லை. சிபாரிசு வாயிலைத் திறந்தது உண்மை. ஆனால் பெட்டியடியிலிருந்து மேலாள் வரை உயர்த்தியது கணக்கறிவே. 1941–42இல் ஜப்பானியப் படையெடுப்பால் பர்மாவிலிருந்து மக்கள் கால்நடையாகவும் ஓடி வந்தனர். அத்தோடு அந்த வாழ்வு நிலைகுலைந்தது. 1947இல் வள்ளல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். அவர் அளித்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் உருவான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953இல் திறக்கப்பட்டது. உறவில்லாதவர் வீட்டுப் பிள்ளைகளும் உத்தியோகம் நோக்கிப் போக இந்தப் பக்கத்தில் பெரியதொரு வழி ஏற்பட்டது அப்போதுதான்.

இப்போது நம் சங்கங்களின் உதவியாளர் முதலிய பணிகளுக்கு மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் அறிவிக்கை வெளியிட்டு, எழுத்துத் தேர்வும் நேர்முகத் தேர்வும் நடத்துகிறது. எழுத்துத் தேர்வுக்கே கனம் மிகுதி. பட்டப்படிப்போடு கூட்டுறவுப் பயிற்சியும் கேட்கப்படுகிறது. கூட்டுறவு மேலாண்மை நிலையங்களில் நடைபெறும் பட்டயப் பயிற்சி இதற்கானதே. அறிவிக்கை வந்த பிறகு பயிற்சிக்கு ஓடுவதில் பயனில்லை. தரகருக்குக் கொடுக்க நினைக்கும் தொகையில் சிறு பகுதியே அந்தப் பயிற்சிக்குப் போதும்.

பயிற்சிக்கு முன்பே கற்கத் தக்கது வீட்டில் கிடக்கிறது. சங்கத்து நகைக்கடன் சீட்டை எடுத்து வட்டியை நீங்களே போட்டுப் பாருங்கள். 40,000 ரூபாய்க்கு நூற்றுக்கு 9 வட்டியில் 73 நாளைக்கு என்ன? ஓராண்டு வட்டி 3,600. 73 நாள் என்பது ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே 720 ரூபாய். தேர்வில் இத்தகைய கணக்கு வந்தால், தந்தையின் கடன் சீட்டில் பழகிய பிள்ளை காகிதத்தில் எழுதுமுன் விடை சொல்லும். உழவர் வீட்டுப் பிள்ளை, பயிர்க்கடன் மனுவைத் தந்தைக்காகத் தானே நிரப்ப வேண்டும். சிட்டா எதற்கு, அடங்கல் எதற்கு, தவணை தவறாமல் கட்டினால் வட்டிச் சுமை ஏன் விவசாயியின் மேல் விழுவதில்லை என்பதெல்லாம் அப்போது தாமே விளங்கும்.

நெசவாளர் பிள்ளைகளுக்கு நான் தனியே சொல்ல விரும்புகிறேன். அவர்கள் தங்கள் கைமுதலை அறியாதிருக்கிறார்கள். நேர்முகத் தேர்வில், “உங்கள் தொழிலைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால் தலைகுனிந்து, “அப்பா தறி நெய்கிறார்” என்பதோடு நிறுத்திவிடுகின்றனர். 40ஆம் நம்பர் நூல் என்றால் என்ன என்று விளக்கலாமே! 840 கஜம் கொண்ட சிட்டா நாற்பது சேர்ந்தால் ஒரு ராத்தல் எடை. ஆக ராத்தலுக்கு 33,600 கஜம். நம்பர் ஏற ஏற நூல் மெலிகிறது. பாவுக்கு எவ்வளவு, ஊடைக்கு எவ்வளவு, சேதாரம் போகச் சங்கத்துக்குத் திரும்ப வேண்டியது எவ்வளவு என்று சொல்லத் தெரிந்த பெண்ணுக்குச் சரக்கிருப்புக் கணக்கைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதனால் சங்கத்துக்கு என்ன லாபம் என்று கேட்டால் தம் கருத்தைச் சொல்ல வேண்டும். நெசவிலேயே மேற்படிப்பை நாடுவோர்க்கு, 1960இல் தொடங்கிய சேலம் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிலையத்தில் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பும் உண்டு.

இனி காகிதங்கள். திறமையுள்ளோர் தோற்பது பல சமயம் இங்கேதான். பள்ளிச் சான்றிதழில் ஒரு தலைப்பெழுத்து, ஆதாரில் மற்றொன்று என்றிருந்தால் இன்றே திருத்துங்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கொரு முறை புதுப்பிக்கத் தவறாதீர். தமிழ் வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. 2020இன் திருத்தத்துக்குப் பின், பள்ளிப் பருவம் தொட்டே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். ஆகவே மூன்று பள்ளிகளில் படித்தவர் மூன்று பள்ளிகளிலும் சான்று வாங்க வேண்டும். கடைசி வாரத்தில் போனால் தலைமையாசிரியர் விடுமுறையில் இருப்பார்! அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளில் தமிழ்த் தாளில் 40 விழுக்காடு பெறாவிட்டால் மற்றத் தாள்கள் மதிப்பிடப்படா என்பதையும் நினைவில் வையுங்கள்.

நேர்முகத் தேர்வுக்கு உடை பற்றிப் பலர் கேட்கின்றனர். துவைத்து மடித்த எதுவும் போதும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். கணக்கு எழுதும் உத்தியோகத்துக்கு அந்தப் பழக்கமே முதல் தேவை.

மறு ஆய்வுக்கு நான் சென்றபோது அந்த நெசவாளர் மீண்டும் வந்தார். இம்முறை மகளும் உடன் வந்திருந்தாள். ஒருமுறை எழுதித் தவறிவிட்டதாகவும், பயிற்சியில் சேர்ந்திருப்பதாகவும் சொன்னாள். பேரவையில் வைத்த ஐந்தொகையைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். தந்தை அங்கத்தினர் என்ற முறையில் அவரே கேட்டு வாங்கி அவள் கையில் கொடுத்தார். உணவு இடைவேளை முழுவதும் அவள் விரலை வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். நான் புறப்படும் தறுவாயில், “சார், வாராக்கடன் ஒதுக்கீடு ஏன் லாபத்திலிருந்து கழிகிறது?” என்று கேட்டாள். பேருந்துக்கு நேரமாகிவிட்டதாயினும், பையைக் கீழே வைத்துவிட்டு மீண்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.