எண்ணிக்கை சரி, ஒட்டுதல் எங்கே?

ஆண்டுதோறும் மழை ஓய்ந்து குளிர் தொடங்குவதற்குள் தில்லி வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி, "பிளேட்லெட் எவ்வளவு?" என்பது. 1996இல் டெங்குக் காய்ச்சல் தலைநகரில் நானூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பிறகு இச்சொல் எல்லோருக்கும் பழகிவிட்டது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால் நிம்மதி அடைகிறோம். ஆனால் எண்ணிக்கை சரியாக இருந்தும் ரத்தம் நிற்காத நோய் ஒன்று உண்டு. அது தென்னிந்தியக் குடும்பங்களோடு நெருங்கிய தொடர்புடையது என்பதால் அதைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன்.

1918இல் சுவிட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் கிளான்ஸ்மன் இந்நோயை முதலில் விவரித்தார். அவர் பெயராலேயே அது வழங்குகிறது. நோயாளியின் தட்டணுக்கள் எண்ணிக்கையில் குறைவதில்லை. அவை ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை, அவ்வளவுதான்.

ஒட்டுவது எப்படி? ஒவ்வொரு தட்டணுவின் மேற்பரப்பிலும் 'இன்டெக்ரின்' வகையைச் சேர்ந்த ஓர் ஏற்பி சுமார் எண்பதாயிரம் இருக்கிறது. சாதாரண நேரத்தில் அது மடங்கிக் கிடக்கும். இல்லாவிட்டால் ஓடும் ரத்தமே உறைந்துவிடும் அல்லவா? ரத்தக் குழாய் அறுந்ததும் அங்குள்ள கொல்லாஜன் முதலான பொருள்கள் தட்டணுவை எழுப்புகின்றன. உடனே அணுவின் உள்ளிருந்து 'டாலின்', 'கிண்ட்லின்' என்ற புரதங்கள் ஏற்பியின் வாலைப் பற்றுகின்றன. ஏற்பி நிமிர்ந்து, ரத்தத்தில் மிதக்கும் பைப்ரினோஜனைப் பிடிக்கிறது. அதன் மறுமுனையை அடுத்த தட்டணு பிடிக்கிறது. இப்படியே கைகோத்து அடைப்பு உருவாகிறது.

இதோடு முடிவதில்லை. பிடிப்பு கிடைத்துவிட்டது என்ற செய்தி, இப்போது வெளியிலிருந்து உள்ளே செல்கிறது. அணுவினுள் இருக்கும் ஆக்டின் இழைகள் திருத்தி அமைகின்றன. வட்டத் தட்டு போலிருந்த அணு பரந்து விரிகிறது. பிறகு இழைகளை இழுத்து ரத்தக் கட்டியை இறுக்குகிறது. ஆக, இந்த ஏற்பி வெறும் பசையன்று. இருவழியும் செய்தி செல்லும் தந்திக் கம்பி, அணுவை அசைக்கும் நெம்புகோலும்கூட.

வெள்ளணுக்களிலும் இதே குடும்பத்து ஏற்பிகள் உண்டு. அவற்றைக் கொண்டுதான் அவை குழாய்ச் சுவரைப் பற்றி வெளியேறிக் கிருமி உள்ள இடத்துக்கு ஊர்ந்து செல்கின்றன. அந்த ஏற்பி இல்லாமல் பிறக்கும் குழந்தைக்குத் தொப்புள்கொடி விழத் தாமதமாகும். ரத்தத்தில் வெள்ளணுக்கள் ஏராளமாக இருந்தும் புண்ணில் சீழ் பிடிக்காது. படை இருக்கிறது, களத்துக்குப் போக வழியில்லை! இந்த ஏற்பிகளை ஆராய்ந்த ஹைன்ஸ், ரூஸ்லாட்டி, ஸ்பிரிங்கர் மூவருக்கும் 2022இல் லாஸ்கர் விருது கிடைத்தது.

இனி நம் பக்கம் வருவோம். 1981இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் தென்னிந்தியாவைச் சேர்ந்த 42 கிளான்ஸ்மன் நோயாளிகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். உலகில் அரிதான நோய்க்கு இது பெரிய எண்ணிக்கை. காரணம் உறவுத் திருமணம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு வந்தால்தான் நோய் தோன்றும். ஒன்று மட்டும் பெற்றவர் நலமாகவே இருப்பார். தாய்மாமனும் அக்காள் மகளும் சராசரியாகக் கால் பங்கு மரபணுக்களைப் பொதுவாகக் கொண்டவர்கள். அத்தை மகனும் மாமன் மகளும் எட்டில் ஒரு பங்கு. இருவரிடமும் ஒரே பழுது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

இதே ஏற்பிக்கு இன்னொரு முகமும் உண்டு. மாரடைப்பின்போது இதயக் குழாயை அடைப்பதும் இதே தட்டணுக் கூட்டம்தான். நம் நாட்டுச் சுருட்டை விரியனின் நஞ்சில் இந்த ஏற்பியை அடைக்கும் புரதம் ஒன்று உண்டு. அதை முன்மாதிரியாக வைத்து உருவாக்கிய டைரோபிபான் என்ற மருந்து 1998 முதல் பயன்பாட்டில் உள்ளது. ஏற்பி பிறவியிலேயே இல்லையென்றால் ஆபத்து. தேவையான வேளையில் சிலமணி நேரம் அடைத்து வைத்தால் உயிர் பிழைக்கிறது.

வாசகர்கள் கவனிக்க வேண்டியவை இவை: குழந்தைக்கு மூக்கிலிருந்து ரத்தம் அடிக்கடி வடிந்து நிற்கவில்லை, ஈறு கசிகிறது, காரணமின்றி உடம்பில் நீலத் திட்டுகள் தோன்றுகின்றன என்றால், எண்ணிக்கை சரி என்ற அறிக்கையோடு திருப்தி அடையாதீர்கள். தட்டணுக்கள் ஒட்டுகின்றனவா என்றறியும் சோதனையை மருத்துவரிடம் கேளுங்கள். பூப்பெய்திய பெண்ணுக்கு உதிரப்போக்கு அளவு மீறினால், "எல்லாருக்கும் இப்படித்தான்" என்று விட்டுவிட வேண்டாம். இந்நோயில் அது உயிருக்கே ஆபத்தாகலாம். இவர்களுக்கு ஆஸ்பிரின் ஆகாது. பல் பிடுங்குவதற்கு முன்பும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வரன் கிடைக்காது என்று இதை மறைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: ஊரில் பெண்ணோ மாப்பிள்ளையோ பார்க்கும்போது ஜாதகத்தோடு, குடும்பத்தில் ரத்தம் நிற்காத குறை யாருக்காவது இருந்ததா என்றும் விசாரியுங்கள். அந்தக் கேள்விக்குக் கூச்சமின்றிப் பதில் சொல்லவும் பழகுங்கள்.