திட்டுத்திட்டாய் ஒரு குதிரை

அன்புள்ள மதுமிதாவுக்கு,

மொன்டானாவின் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் வீடு அமைந்துவிட்டது, இனி பெயின்ட் குதிரைதான் பாக்கி என்று எழுதியிருக்கிறாய். படமும் பார்த்தேன். பழுப்பு உடம்பில் வெள்ளைத் திட்டுகள், ஒரு கண் நீலம். அழகுதான். அந்த அழகுக்கென்றே விலையை ஏற்றிச் சொல்வார்கள், ஜாக்கிரதை.

திட்டு இருப்பதெல்லாம் பெயின்ட் ஆகிவிடாது. டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில் இருக்கும் அமெரிக்கன் பெயின்ட் ஹார்ஸ் அசோசியேஷன் வம்சாவளி பார்த்துத்தான் பதிவு செய்கிறது. தாயும் தகப்பனும் பெயின்ட், குவார்ட்டர் ஹார்ஸ், தரோபிரெட் ஆகிய இனங்களில் பதிவானவையாக இருக்க வேண்டும். நிறம் மட்டும் இருந்தால் அது பின்டோ. மலைப்பாதைச் சவாரிக்குப் பின்டோவே தாராளம். பெயின்டின் விலையைக் கொடுத்து அதை வாங்காமல் இருந்தால் சரி.

படத்தில் வெள்ளை முதுகைத் தாண்டவில்லை. விலாவிலும் கழுத்திலும் சட்டம் போட்டதுபோல் நிற்கிறது. இதை ஃபிரேம் ஓவரோ என்பார்கள். பெட்டை என்கிறாய், பின்னால் குட்டி எடுக்கும் எண்ணமும் உனக்கு இருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தத் திட்டைத் தரும் மரபணு ஒரு பக்கமிருந்து மட்டும் வந்தால் குதிரைக்கு ஒன்றும் ஆகாது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் குட்டி கிட்டத்தட்ட முழு வெள்ளையாகப் பிறக்கும். பெருங்குடலில் நரம்பணுக்கள் இருக்காது. சாணம் இறங்காமல் வயிற்றுவலியில் துடித்துச் சில நாட்களில் செத்துப்போகும். சிகிச்சை கிடையாது. அந்த மரபணு உள்ள இரண்டைச் சேர்த்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. அது இருந்தும் வெள்ளையே அதிகம் தெரியாத குதிரைகள் உண்டு, ஆகவே கண்ணை நம்பாதே. பிடரிமயிரை வேரோடு பிடுங்கி, டேவிஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகம் போன்ற இடத்துக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். கையோடு ஹெச்.ஒய்.பி.பி. சோதனையும் கேள். 1969இல் பிறந்த இம்ப்ரெசிவ் என்ற குவார்ட்டர் பொலிக்குதிரையின் வழியில் இறங்கிய தசைநோய் அது, பெயின்டிலும் உண்டு.

தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. நீ டாலர் எண்ணிக் கொடுக்கிறாய். மேல்வரிசை வெட்டுப்பற்களில் கடைசியைப் பார். ஈறருகே ஒரு பழுப்புக் கோடு 10 வயதுவாக்கில் தோன்றி, 15இல் பாதிப் பல்லுக்கு இறங்கி, 20இல் நுனியைத் தொடும். உத்தேசக் கணக்குதான், ஆனாலும் பதினெட்டை எட்டு என்று சொல்பவரை மடக்க இது போதும்.

சொன்ன நேரத்துக்குச் சற்று முன்னாலேயே போய் நில். சேணத்தடியில் வியர்வை ஈரம் இருந்தால், நீ வருமுன் ஓட்டிக் களைக்க வைத்திருக்கிறார்கள். முதலில் விற்பவரே ஏறட்டும். இறக்கத்தில் கூர்ந்து பார்: நல்ல மலைக்குதிரை தலையைத் தாழ்த்தி, பின்னங்கால்களை வயிற்றுக்கு அடியில் வாங்கி, அடி பார்த்து வைக்கும். ஓடையில் இறங்கச் சொல். வெள்ளைமுகமும் நீலக்கண்ணும் உள்ள சில குதிரைகளுக்குக் காது கேட்காது. அது பார்க்காத நேரத்தில், எட்ட நின்று ஒரு கைதட்டு. வெள்ளைக் குளம்பு பலவீனம் என்பார்கள், வெறும் பழைய பேச்சு. இளஞ்சிவப்பு மூக்கு வெயிலில் வெந்துபோகும் என்பது மட்டும் உண்மை.

மனசுக்குப் பிடித்தால், விற்பவரிடம் வழக்கமாக வராத ஒரு கால்நடை மருத்துவரைக் கூப்பிடு. மொன்டானாவில் குதிரை கைமாற சூட்டுக்குறியும் உரிமையும் பார்க்கும் பிராண்ட் இன்ஸ்பெக்டரின் சான்றும் வேண்டும். அது வரும்வரை பணத்தைக் கொடுக்காதே.

500 கிலோ குதிரை நாளுக்குச் சுமார் 10 கிலோ காய்ந்த புல் தின்னும். ஆறு மாதப் பனிக்கு 2 டன்னாவது பனிக்கு முன்பே அடுக்கிவிடு. குதிரை தனியாக நின்றால் தவித்துப்போகும், அதனால் பக்கத்து வேலிக்குள் வேறு குதிரை இருக்கிறதா என்று பார்த்து எழுது. இல்லையென்றால் இரண்டுக்குக் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

அன்புடன்,
மாமா