பிள்ளைகளுக்கு வரும் மூளைக் கட்டி: பெற்றோர் அறிய வேண்டியவை

பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இரத்தப் புற்றுநோய்க்கு அடுத்து அதிகம் காணப்படுவது மூளைக் கட்டியாகும். இது தொற்றுநோய் அன்று. பெற்றோர் செய்த பாவமோ கண்ணேறோ காரணம் அன்று. பெரும்பாலும் வளரும் உயிரணுக்களில் தற்செயலாக ஏற்படும் மாற்றத்தால் வருகிறது.

பல கட்டிகள் பின்தலையில், சிறுமூளைப் பகுதியில் தோன்றும். அவை மூளைநீர் ஓடும் வழியை அடைக்கும்போது தலைக்குள் அழுத்தம் கூடும். அப்போது காணும் அறிகுறிகள்:

1. காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி.
2. நடையில் தள்ளாட்டம், கையெழுத்துக் கோணல்.
3. புதிதாக மாறுகண், இரட்டைப் பார்வை.
4. கைக்குழந்தையின் தலை வேகமாகப் பெருத்தல்.
5. காய்ச்சலின்றி வலிப்பு.

இவற்றில் ஒன்றைக் கண்டதுமே கட்டி என்று அஞ்ச வேண்டாம். ஆனால் வலிப்பு வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மற்றவை தொடர்ந்தாலோ, சேர்ந்து வந்தாலோ, "வயிற்றுக் கோளாறு" என்று நாட்களைக் கடத்தக் கூடாது. திருநீறு பூசுங்கள்; அன்றைக்கே கிளினிக்குக்கும் அழைத்துச் செல்லுங்கள்.

கட்டிகள் எல்லாம் ஒரே குணமுடையவை அல்ல. பைலோசைட்டிக் அஸ்ட்ரோசைட்டோமா மெதுவாக வளரும். முழுதாக அகற்றினால் நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகளுக்கு மேல் நீண்ட காலம் வாழ்கின்றனர். மெடுல்லோபிளாஸ்டோமா வேகமாக வளர்ந்து, மூளைநீர் வழியே முதுகுத்தண்டுக்கும் பரவக்கூடியது. ஆயினும் முழுச் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். மூளைத்தண்டில் ஊடுருவிப் பரவும் கட்டிதான் மிகக் கொடியது. பெரும்பாலும் ஓராண்டு காலமே கிடைக்கிறது. அங்கே வலி தணித்து அருகில் இருப்பதும் சிகிச்சையே. ஆகவே, "என்ன வகைக் கட்டி?" என்று மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்.

மெடுல்லோபிளாஸ்டோமாவுக்கு அறுவை சிகிச்சைக்குப் பின், மூன்று வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்குப் பொதுவாக வாரம் ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் கதிர்வீச்சு தேவைப்படும். சபாக்கிலிருந்து கோலாலம்பூருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். தோட்டத்து வேலையை விட்டுவிட்டு முப்பது முறை போய்வர எந்தக் குடும்பத்தால் முடியும்? சிகிச்சை பாதியில் நின்றால் நோய் திரும்பும் அபாயம் பெரிது.

பிழைத்த பிள்ளைக்கும் நினைவாற்றல், உயரம், செவிப்புலன் குறையலாம். ஆண்டுதோறும் பரிசோதனையும், தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் பொறுமையும் வேண்டும்.

நன்கொடை அன்பர்களே! மருந்துக்கு மட்டுமன்றி, வழிச்செலவுக்கும் தங்குமிடத்துக்கும் தாய் தந்தையர் இழக்கும் சம்பளத்துக்கும் கைகொடுங்கள். ஒரு பிள்ளையின் சிகிச்சை முழுமை பெற அதுவே துணையாகும்.